அன்ரியின் சோத்துக்கைப் பக்கம்

நெருக்கடியில் பதறாமல் விளையாடுவது எப்படி என்று, ஐஸ் ஹொக்கி அணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமாம். கழகத்தில் கேட்டார்கள். கேட்டவர் என்னோடு ஒருநாளும் விளையாடாதவர் என்பது அப்போதே விளங்கிவிட்டது. விளையாடிய யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் கதிரையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பதற்றத்தை வென்றவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. நானும் அதுவும் பல வருடம் ஒரே அறையில் குடியிருந்தோம். வாடகையை நான் கட்டினேன், கட்டிலில் அது படுத்தது.

இதைத் தமிழில் எழுதுகிறேன் என்பதால் உங்களில் பலர் வாசிக்கப் போவதில்லை. உங்கள் அம்மாமார் வாசிப்பார்கள். பயிற்சிக்குக் காரில் கொண்டுவந்து விடும்போது உங்களுக்குச் சொல்லுவார்கள். நீங்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு "யா, யா" என்பீர்கள். பரவாயில்லை. இந்தக் கதையில் அம்மாமாருக்கும் வேலை இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் ரொறன்ரோவுக்குப் போய், அங்கே பனியில் சறுக்கப் பழகி, எப்படியோ அதையே தொழிலாக்கிக்கொண்டவன். ஹொக்கியில் என் வேலை பின்காவல். கோல் அடிக்கிற வேலை முன்னால் நிற்பவர்களுடையது. பின்னால் நின்று எதிரணியை மறிப்பதும், நம்முடைய மூலைக்குள் வந்து விழும், பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டை எடுத்து நல்லபடியாக முன்னுக்கு அனுப்புவதும் என்னுடையது. கனடாவின் சின்ன ஊர்களிலும், பிறகு ஐரோப்பாவின் இன்னும் சின்ன ஊர்களிலும் விளையாடினேன். ஒவ்வொரு ஒப்பந்தமும் முந்தியதைவிடச் சின்ன ஊருக்கே என்னைக் கொண்டுபோய் விட்டது. இனிப் போவதற்கு ஊரே இல்லை என்ற கட்டத்தில்தான் மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. அவுஸ்திரேலியாவில் ஐஸ் ஹொக்கி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் முகவருக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இங்கே நடைமுறை வேறு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளூர் ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, தங்கள் கையிலிருந்து செலவழித்து விளையாடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிடப்படும் ஒரு சிலருக்கு மட்டும் விமானச்சீட்டும் தங்க இடமும் சம்பளமும். அதனால் வெளிநாட்டுக்காரன் தண்டம் என்று தெரிந்தால் சீசனின் நடுவிலேயே அனுப்பிவிட்டு வேறொருவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. நான் அணித்தலைவனாக இருந்திருந்தால் என்னை விமானநிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பேன்.

தங்குவதற்கு மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் ஒரு வீடு கிடைத்தது. அணியின் மனேஜர் என் பெயரைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர்தான் அங்கிள். மனேஜரோடு ஒரே அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவர். வீட்டில் அங்கிளும் அன்ரியும் மட்டும். பிள்ளைகள் படித்து முடித்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அன்ரிக்கு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை. ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளை ஒரே சத்தத்தில் இருத்தக்கூடிய தொண்டை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அன்ரி என்னை விசாரித்தார்.

"தம்பி, நீ எத்தினை கோல் அடிச்சனி?"

"நான் அடிக்கிற ஆள் இல்லை அன்ரி. மற்றவையை அடிக்க விடாமப் பாக்கிறதுதான் என்ரை வேலை."

"அப்ப நீ வோச்சர், காவலாளி வேலையோ?"

"ஓம், கிட்டத்தட்ட."

"இதுக்கோ உன்னைக் கனடாவிலையிருந்து கூப்பிட்டவங்கள்? இங்கை ஆள் இல்லையோ?"

அங்கிள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவனைச் சாப்பிட விடுமப்பா" என்றார். அன்ரி கேட்டது சரியான கேள்வி. ஒரு மாதத்துக்குள் கோச்சும் அதையே கேட்டார்.

ஏனென்றால் நான் மிக மோசமாக விளையாடிக்கொண்டிருந்தேன். மூலைக்குள் போய் வட்டை எடுக்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் என் வியாதி. முகம் சுவரைப் பார்க்கிறது. முதுகு முழு உலகத்துக்கும் திறந்து கிடக்கிறது. ஒரு தடியன் முழு வேகத்தில் வந்து உங்களைச் சுவரோடு சேர்த்து ஒட்டப்போகிறான்; எப்போது, எந்தப் பக்கத்தால் என்று தெரியாது. நல்ல பின்காவல்காரன் வட்டைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒருமுறை பார்ப்பான். நானும் பார்ப்பேன். ஆனால் பார்த்ததும் மூளை வெள்ளையாகிவிடும். உடனே வட்டைக் கண்ணாடிச் சுவரில் ஓங்கி அடித்து வெளியே எறிந்துவிடுவேன். அது எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்பதெல்லாம் என் கவலை இல்லை. அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

மெல்பேர்னில் என் முதல் ஆட்டத்தில் அப்படி எறிந்தது கண்ணாடிக்கு மேலால் பறந்து, ஒருவர் மடியில் வைத்திருந்த சூடான சிப்ஸுக்குள் விழுந்தது. அதற்காக என்னை ஆட்டத்திலிருந்து விலக்கி, ஓரத்திலிருக்கும் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். அந்த மனிதர் பெட்டிக்கு மேலே குனிந்து, சிப்ஸ் வேண்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அணியில் என் பெயர் "கண்ணாடி".

இனி என் சோடியைப் பற்றிச் சொல்லவேண்டும். பின்காவலில் எப்போதும் இருவர் சோடியாகத்தான் நிற்பார்கள். என் சோடி மெல்பேர்னிலேயே பிறந்து வளர்ந்தவன், எலெக்ட்ரீஷியன், என் வயதுக்காரன். பயிற்சி நாட்களில் தன் வேலை வான் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான். வயர்ச் சுருள்களுக்கும் ஏணிக்கும் நடுவில் நான் உட்கார்ந்து வழி முழுக்கக் கதை சொல்வேன். பகிடி விடுவேன். பாட்டுக்கூடப் பாடியிருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது வாயைத் திறந்தான்.

"மேட், வானுக்குள்ளை நீ வாய் மூடுறேல்லை. பனியிலை இறங்கினா வாய் திறக்கிறேல்லை. அதை மாத்தி வைக்க ஏலாதோ?"

நான் சிரித்து மழுப்பினேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் மூலைக்குள்ளை போகேக்கை எனக்குப் பின்னாலை என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது. நீதான் சொல்லவேணும். நீ போகேக்கை நான் சொல்லுறன்தானே? நீ பேசாமல் நிண்டா நான் தனிய விளையாடுறன் எண்டுதான் அர்த்தம்."

அவன் சொன்னது உண்மை. சோடி மூலைக்குள் போனால் மற்றவன் அவனுக்குக் கண்ணாக இருக்கவேண்டும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் "ரைம்" என்று கத்தவேண்டும். நேரமிருக்கிறது, நிதானமாக எடு என்று பொருள். முதுகில் ஒருவன் வந்து ஏறப்போகிறான் என்றால் "மான் ஓன்". இரண்டே இரண்டு கூவல்கள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவை. ஆனால் பயத்தில் என் தொண்டைக்குள் அவை இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாசலில் இறுகிவிடும். சோடியோ என்னைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் கத்தாமல் விட்டதற்கு விலையாக அவன் விலா எலும்புகளில் நீலக் கண்டல்கள் இருந்தன. மறுநாள் அவன் அவற்றோடுதான் ஏணியில் ஏறி வேலை செய்தான்.

சிட்னிக்குப் போகவிருந்த வாரம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு பின்காவல்காரன் வர ஆயத்தமா இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சிட்னியிலை உன்ரை ஆட்டத்தைப் பாத்திட்டு முடிவெடுக்கிறன்."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, சப்பாத்து அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த அணியை விட்டால் எனக்கு வேறு அணி இல்லை. ரொறன்ரோவில் மச்சான் ஒருவர் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். "எப்பவும் உனக்கு இடமிருக்கு" என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அன்போடு சொல்லுவார். அந்த அன்பு என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அங்கிள் "பாப்பம்" என்றார். அன்ரி குசினிக்குள் போய், சிட்னியில் பென்டில் ஹில்லில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை விடிய, அணி விமானத்தில் புறப்பட்டது. அதற்கு முன்பே அன்ரியும் அங்கிளும் காரில் புறப்பட்டுவிட்டார்கள். ஒரு முழுநாள் ஓட்டம். எதற்கென்று கேட்டதற்கு அன்ரி சொன்னார்:

"உனக்குப் பின்னாலை என்ன நடக்குதெண்டு உனக்குத் தெரியுதில்லை எண்டு சொன்னனியெல்லே? நான் வந்து சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் மழை. குளிர்காலத்தில் வழிதவறி வந்த ஒரு வெக்கையான மழை. நாங்கள் விளையாடிய அரங்கில் காற்றின் ஈரத்தை இழுக்கிற இயந்திரம் அன்று பார்த்துப் படுத்துவிட்டது. முதல் பகுதி சுமாராகப் போனது. இரண்டாம் பகுதி தொடங்கியபோது பனித்தரையிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, நெஞ்சளவில் வந்து நின்றது. குனிந்தால் வட்டு தெரியும், ஆள் தெரியாது. நிமிர்ந்தால் தலைக்கவசங்கள் மட்டும் தனியாக மிதந்து திரியும். வட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒருமுறை நடுவரே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

இப்படிப் பனிமூட்டமாகப் புகார் ஏறினால் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணியும் சேர்ந்து அரங்கைச் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். ஓட்டத்தில் எழும் காற்று புகாரைக் கலைக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒருவனையொருவன் சுவரில் தேய்த்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில், கோயில் சுற்றுவதுபோல ஒரே திசையில் சுற்றுவார்கள். கலைந்ததும் மறுபடி தேய்க்கத் தொடங்குவார்கள்.

அன்ரி தங்கச்சி குடும்பத்தோடு வந்து, நான் காக்கும் கோலுக்குப் பின்னால், மேல்வரிசையில் இடம்பிடித்திருந்தார். பகுதி மாறி நாங்கள் மறுபக்கம் போனபோது, கம்பளி, பிளாஸ்க், தங்கச்சி, தங்கச்சியின் புருஷன் என்று முழுப் படையையும் கிளப்பிக்கொண்டு அந்தப் பக்கம் இடம்பெயர்ந்தார். மேலே இருப்பவர்களுக்குப் புகாருக்கு மேலால் கொஞ்சம் தெரிந்தது. அன்ரி தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லத் தொடங்கினார்.

"வாறான்! வாறான்! தம்பி, பின்னாலை வாறான்!"

யார் வந்தாலும் சொன்னார். என்மேல் வந்தாலும் சொன்னார், சோடிமேல் வந்தாலும் சொன்னார், நடுவர் வந்தாலும் சொன்னார். ஒவ்வொரு "வாறான்"க்கும் பிறகு சுவரில் ஒரு "தொம்" கேட்கும். அன்ரியின் தொண்டைக்கு முன்னால் கண்ணாடிச் சுவர் ஒரு பொருட்டே அல்ல.

நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றோம். வட்டு எங்கள் மூலைக்குள் வந்தது. நான் போனேன். தோளுக்கு மேலால் பார்த்தேன், வெள்ளைப் புகார். பின்னாலிருந்து சோடி ஆங்கிலத்தில் கத்தினான்: "இடது! இடது!" அதே நேரம் முன்னால், கண்ணாடிக்கு மேலாலிருந்து அன்ரி கத்தினார்:

"சோத்துக்கைப் பக்கம் திரும்படா! சோத்துக்கைப் பக்கம்!"

இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்தன. என் மூளை ஆங்கிலத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தமிழை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தியது. பயத்தில் தாய்மொழிதான் முதலில் கேட்கிறது, என்ன செய்வது? சோறு சாப்பிடுகிற கைப்பக்கம், என் வலப்பக்கம், திரும்பினேன். திரும்பிய இடத்தில் சிட்னி அணியின் செம்மீசைக்காரன் ஒருவன் எனக்காகவே பிறந்தவன்போல நின்றான். பின்லாந்திலிருந்து வந்த முன்வரிசைக்காரன், நல்ல பாரம். நான் விழுந்தேன். வட்டு அவனிடம் போனது. நான் எழும்புவதற்குள் அது எங்கள் வலைக்குள் கிடந்தது. மூன்றுக்கு இரண்டு.

முழங்காலில் இருந்தபடி மேலே பார்த்தேன். அன்ரி என்னைப் பார்த்துத் தன் வலது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து அவரைப் பார்க்கிறேன், அவர் அங்கிருந்து என்னைப் பார்க்கிறார். அவருடைய சோத்துக்கை என்னுடைய இடக்கை. சோடியும் அன்ரியும் ஒரே பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்!

தம்பிமாரே, தங்கைமாரே, எனக்கு அந்த இடத்தில் விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். மேலேயிருந்து கத்துகிறவர்கள் உங்கள்மேல் உயிரையே வைத்திருப்பார்கள். ஒருநாள் முழுக்கக் கார் ஓட்டி வந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நிற்கிற இடம் வேறு. உங்களோடு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, உங்களோடு சேர்ந்து அடிவாங்குகிறவன் சொல்கிற இடதுதான் உங்கள் இடது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கோச் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விடுவது பார்ப்பதைவிட மோசம். கராஜில் மச்சான் எனக்கு நீல மேற்சட்டை தைத்துக்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சோடியிடம், "சொறி" என்றேன். அவன் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆர் அந்த மனுசி?" என்று கேட்டான்.

"நான் இருக்கிற வீட்டு அன்ரி."

"என்ன சொல்லிக் கத்திறா?"

"ஆள் வருதெண்டு."

அவன் யோசித்தான். "பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் சரியாத்தான் சொல்லுறா. உன்னைவிடத் திறம்."

மூன்றாம் பகுதியில் மறுபடி புகார் ஏறியது, மறுபடி சுற்றவிட்டார்கள். செம்மீசைக்காரன் என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான்.

"அங்கை மேலை ஒரு அம்மா கத்திறா. எனக்கு உன்னைவிட அவவைத்தான் பயம்" என்றான்.

"அவ உன்னை ஆசீர்வதிக்கிறா" என்றேன்.

அவன் நம்பவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்குச் சுவர் எங்கை இருக்கெண்டே தெரியேல்லை, தெரியுமோ? ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்து இடிக்கிறன்."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தடியனுக்கும் பயம்! நான் இவ்வளவு காலமும் என் முதுகுக்குப் பின்னால் வருகிறவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்திருந்தேன். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் நன்றி இருக்கிறது. சொன்னதற்காகவும், சொல்லிவிட்டும் என்னை இடிக்க வந்ததற்காகவும்.

கடைசி நேரம். இன்னும் மூன்றுக்கு இரண்டுதான். சிட்னி அணி தங்கள் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு, அவருக்குப் பதில் இன்னொரு முன்வரிசைக்காரனை இறக்கியது. கோலை வெறுமையாக விட்டுவிட்டு எல்லோருமாக எங்கள்மேல் வந்தார்கள். கோச் எங்கள் சோடியை இறக்கினார். ஏன் என்னை இறக்கினார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன்.

வட்டு எங்கள் மூலைக்குள் வந்து விழுந்தது. இந்த முறை சோடியின் பக்கம். அவன் போனான். முகம் சுவருக்கு, முதுகு உலகத்துக்கு. புகாருக்குள் அவன் தலைக்கவசம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால், இன்னொரு தலைக்கவசம், வேகமாக, மிக வேகமாக. செம்மீசை. கண்ணை மூடிக்கொண்டு வருகிறான் என்று எனக்குத் தெரியும், அவனே சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு வருகிற பாரம் முதுகில் ஏறினால் சோடி திங்கட்கிழமை ஏணியில் ஏறமாட்டான். வேறு நாட்களிலும் ஏறுவானோ தெரியாது.

வாயைத் திறந்தேன். "மான் ஓன்" வரவில்லை. இரண்டு கூவலும் வழக்கம்போல வாசலில் இடித்துக்கொண்டு நின்றன. அவற்றைத் தள்ளிக்கொண்டு, அவற்றுக்குக் கீழேயிருந்து, என் வயிற்றுக்குள்ளிருந்து வேறொன்று வந்தது.

"வாறான்! வாறான்! வாறாஆஆன்!"

ஆங்கிலம் தவிர ஒரு மொழியும் தெரியாத அந்த எலெக்ட்ரீஷியன், அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு, அதன் பிறகு "தொம்" என்று விழுவதையும் கேட்டவன். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. சுவரோடு ஒட்டி ஒரு சுழற்சி. செம்மீசை அவனை உரசிக்கொண்டு போய், தேடிக்கொண்டிருந்த சுவரை ஒருவழியாகக் கண்டுபிடித்தது. சோடி வட்டைக் கோலுக்குப் பின்னால் என் பக்கம் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டுக் கத்தினான்:

"ரைம்! ரைம்!"

வட்டு என் மட்டையில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்பிலிருந்த ஒவ்வொரு நரம்பும் கண்ணாடியில் அடி, கண்ணாடியில் அடி என்றது. மேலே அன்ரியும் அதையே சொன்னார்: "அடிச்சு விடடா! அடிச்சு விடு!" ஆனால் சோடி நேரமிருக்கிறது என்கிறான். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனை நம்பினேன். அடிக்கவில்லை. வட்டை வைத்துக்கொண்டு சறுக்கினேன். யாரும் வரவில்லை. இன்னும் சறுக்கினேன். யாரும் வரவில்லை! என் தொழில் வாழ்க்கையில் முதன்முதலாக, பதறாமல் இருந்தால் பனித்தரை எவ்வளவு பெரியது என்று பார்த்தேன். உண்மையில் பார்க்கவில்லை, புகார், ஆனால் உணர்ந்தேன். நடுக்கோட்டைத் தாண்டியதும் வட்டைப் புகாருக்குள் மெல்லத் தள்ளிவிட்டேன். அது போய் மறைந்தது.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அன்ரிகூடப் பேசவில்லை. பிறகு, மறுகோடியில், வெள்ளைக்குள் மங்கலாக, கோலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த சீசனில் நான் அடித்த ஒரே கோல் அது. நான் அதைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அன்ரி மட்டும் பார்த்ததாகச் சொல்கிறார். வட்டு எப்படி வளைந்தது, எங்கே துள்ளியது, எப்படிக் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது என்று எந்த விருந்திலும் அவரைக் கேட்கலாம்.

விமானநிலையத்தில் கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ நிக்கிறாய்" என்றார்.

நான் கோலைப் பற்றி அடக்கமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"கோலை விடு. அது விபத்து. நீ வாயைத் திறந்தாய், அதுக்குத்தான்." பிறகு கேட்டார்: "அது என்ன சொல்லு?"

சொல்லிக்கொடுத்தேன். அடுத்த பயிற்சியில் பின்காவல்காரர் எல்லோரையும் அதையே கத்தச் சொன்னார். எதிரணிக்கு விளங்காது என்பது அவர் கணக்கு. நீங்கள் இப்போதும் பயிற்சியில் கத்துகிறீர்களே, எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே, அது இப்படித்தான் வந்தது. கோச் போய்விட்டார், சோடி முழங்கால் தேய்ந்து ஆட்டத்திலிருந்து ஓய்ந்துவிட்டான், நானும் ஓய்ந்துவிட்டேன். சொல் மட்டும் இன்னும் அணியில் விளையாடுகிறது. நான் தமிழ்க் கடையில் சாமான் வாங்க நிற்கும்போது யாராவது தொலைபேசியில் "அவன் வாறான்" என்று சொன்னால் இன்றைக்கும் அரிசி மூட்டைகளோடு ஒட்டிக்கொள்கிறேன். பதறாமல் இருப்பது எப்படி என்று கேட்டார்களே, பதில் இதுதான்: எனக்குத் தெரியாது. பதறிக்கொண்டே கத்துங்கள். என்ன மொழி வருகிறதோ அதில் கத்துங்கள். உங்கள் சோடிக்குக் கேட்டால் போதும்.

அம்மாமாருக்கு ஒன்று. நீங்களும் கத்துங்கள், தடையில்லை. ஆள் வருகிறான் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை மட்டும் பிள்ளையின் சோடியிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அன்ரி, நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு வாசிக்கக் கொடுக்காமல் ஒளிக்கவேண்டும் என்று அங்கிளிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் சிரித்தார். அன்றைக்குக் கார் தரிப்பிடத்தில் மழைக்குள் நின்றுகொண்டு என்னைக் கேட்டீர்கள்: "நான் சொன்னபடி சோத்துக்கைப் பக்கம் திரும்பியிருந்தா அந்தக் கோலும் விழுந்திருக்காது, என்ன?" நான் "ஓம் அன்ரி" என்றேன். இத்தனை வருடமும் "ஓம் அன்ரி" என்றே இருந்துவிட்டேன். அது உங்கள் சோத்துக்கை, அன்ரி. என்னுடையது மற்றப் பக்கம். ஆனால் அந்த ஒரு சொல் உங்களுடையது. அதனால்தான் சோடி இன்றைக்கும் ஏணியில் ஏறுகிறான், அதனால்தான் நான் இந்த ஊரில் இருக்கிறேன்.

கோபம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வழமைபோல வாறன். கோபமென்றாலும் வாறன். கதவுக்குப் பின்னால் நின்று "வாறான்" என்று கத்தவேண்டாம் என்று மட்டும் அங்கிளிடம் சொல்லிவிடுங்கள்.